முதலில் எடை மேடை, பிறகு ஹிட்ச் கடை

பிக்கப்பின் பின்னால் ட்ராவல் ட்ரெய்லரை மாட்டியதும் பின்பக்கம் இரண்டு மூன்று அங்குலம் அமுங்குவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். உடனே கவலை வந்துவிடும். பின் ஸ்பிரிங்கை வலுவாக்க என்ன வழி என்று விசாரிக்கத் தொடங்குவார்கள். அதே நேரத்தில் முன்பக்கம் அரை அங்குலமோ ஓர் அங்குலமோ எழும்பியிருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது, அளந்து பார்த்தால்தான் தெரியும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வண்டியைத் திருப்புவது முன் சக்கரங்கள். பிரேக் மிதிக்கும்போது பெரும்பங்கு வேலை செய்வதும் அவையே. அவற்றின் மேல் இருந்த எடை குறைந்தால் ஈரச் சாலையில் ஸ்டீயரிங் லேசாகிவிடும், நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்காது, இரவில் ஹெட்லைட் எதிரே வருகிறவரின் கண்ணைக் கூசவைக்கும்.

இழந்த அந்த முன் எடையைத் திருப்பிக் கொண்டுவருவதுதான் எடைப் பகிர்வு ஹிட்ச்சின் முதல் வேலை. ட்ரெய்லர் வாலாட்டுவதை அடக்குவது இரண்டாவது வேலை; அது எல்லா ஹிட்ச்சிலும் இருப்பதில்லை.

கனடாவிலும் அமெரிக்காவிலும் ட்ரெய்லர் வாங்கும் நம் குடும்பங்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, எந்தக் கம்பெனி ஹிட்ச் நல்லது என்பது. அதற்கு நான் பதில் சொல்வதில்லை. உங்கள் ட்ரெய்லர் முழுச் சாமானோடு எவ்வளவு எடை, அதில் எவ்வளவு ஹிட்ச் பந்தின் மேல் அழுத்துகிறது, உங்கள் வண்டியின் கையேடு என்ன சொல்கிறது என்று திருப்பிக் கேட்பேன். இந்த மூன்றும் தெரிந்தால் பாதித் தேர்வு தானாக முடிந்துவிடும். தெரியாமல் வாங்கினால் எவ்வளவு விலை கொடுத்தாலும் அது ஊகம்தான்.

எடை எங்கே போகிறது

ட்ரெய்லரின் முன்முனை ஹிட்ச் பந்தின் மேல் அழுத்தும் எடையை டங் வெயிட் என்கிறார்கள். மாட்டு வண்டியில் பாரம் ஏற்றிப் பழகியவர்கள் முன்பாரம் என்பார்களே, அதேதான். பின்பாரம் கூடிய வண்டி எப்படி நுகத்தைத் தூக்குமோ, அப்படியே பின்பாரம் கூடிய ட்ரெய்லரும் இழுக்கும் வண்டியைப் படுத்தும். ட்ராவல் ட்ரெய்லருக்கு முன்பாரம் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 12, 13-ல் நிறுத்திக்கொள்வது என் விருப்பம். பத்துக்குக் கீழே போனால் வாலாட்டம் வரும் ஆபத்து கூடும்.

இங்கிலாந்தில் கேரவன் இழுக்கும் உறவினர் ஐந்து முதல் ஏழு சதவீதம் போதும் என்று சொல்லியிருக்கலாம். அவர் சொல்வது அங்கே சரி. அங்குள்ள கேரவன்கள் எடை குறைந்தவை, வடிவம் வேறு, கேரவனோடு போகும்போது மோட்டார்வேயில் மணிக்கு 60 மைல்தான் உச்ச வேகம். அந்தக் கணக்கை இங்கே கொண்டுவரக் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாமானோடு 6,400 பவுண்டு எடையுள்ள ட்ரெய்லர், முன்பாரம் 800 பவுண்டு. பிக்கப்பின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 12 அடி. பின் அச்சிலிருந்து நாலரை அடி தள்ளி ஹிட்ச் பந்து. 800-ஐ நாலரையால் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 300 வரும். அந்த 300 பவுண்டும் முன் அச்சிலிருந்து கழன்றுவிடுகிறது. பின் அச்சு வெறும் 800-ஐச் சுமக்கவில்லை. முன்னால் கழன்ற 300-ஐயும் சேர்த்து 1,100 பவுண்டு கூடுதலாகச் சுமக்கிறது.

இனி ஹிட்ச்சின் வேலை. பந்துக்குக் கீழே ஹிட்ச் தலையிலிருந்து இரண்டு எஃகுப் பார்கள் ட்ரெய்லரின் முக்கோணச் சட்டத்தை ஒட்டிப் பின்னோக்கிப் போகும். அவற்றின் பின்முனைகளைத் தூக்கிப் பூட்டினால் பார்கள் வில்லாக வளையும். அந்த வளைவின் விசை ஹிட்ச் தலையை முறுக்கி, பிக்கப்பின் பின்பக்கத்தைத் தூக்கி முன்பக்கத்தை அழுத்தும். கழன்ற 300-ல் பாதியை, அதாவது 150 பவுண்டை, முன் அச்சுக்குத் திருப்பும் அளவுக்குப் பார்களை இறுக்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். ட்ரெய்லரின் அச்சுகள் பந்திலிருந்து 16 அடி பின்னால் இருந்தால் அவற்றின் மேல் ஏறக்குறைய 88 பவுண்டு ஏறும். பின் அச்சின் கூடுதல் சுமை 1,100-லிருந்து 862-க்கு இறங்கும். கூட்டிக் கழித்தால் அதே 800 வரும். ஒரு பவுண்டுகூட மறையவில்லை, இடம் மாறியிருக்கிறது.

பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப் பை மாட்டினால் போதாதா என்ற கேள்விக்கும் இதே கணக்கில் பதில் இருக்கிறது. காற்றுப் பை பின்பக்கத்தை உயர்த்திவிடும், வண்டி சமமாக நிற்கும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். முன் அச்சில் கழன்ற 300 பவுண்டு கழன்றபடியே இருக்கும். இது மிகவும் ஏமாற்றும் தீர்வு. பார்வைக்குச் சரியாகிவிட்டதால் பிறகு யாரும் அளந்து பார்ப்பதில்லை.

கதவோரத்து ஸ்டிக்கர்

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் டயர் அழுத்தமும் எடையும் எழுதிய ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோவை, இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். இதுதான் பேலோட். ஓட்டுநரும் இதில் அடக்கம். ட்ரெய்லரின் முன்பாரமும் அடக்கம். ஹிட்ச்சின் சொந்த எடையும் அடக்கம். நல்ல எடைப் பகிர்வு ஹிட்ச் ஒன்று 90, 100 பவுண்டு இருக்கும்.

அரை டன் பிக்கப் ஒன்றின் ஸ்டிக்கர் 1,500 பவுண்டு என்று சொல்கிறது என்போம். முன்பாரம் 800, ஹிட்ச் 90 போனால் மீதி 610. கணவன் மனைவி இருவரும் 340, வளரும் பிள்ளைகள் இருவர் 200. எஞ்சியது 70 பவுண்டு. ஐஸ் நிரப்பிய கூலர் ஒன்றும் கொஞ்சம் விறகும் பின்னால் ஏற்றினால் கணக்கு முடிந்தது. கூடவே அம்மாவும் வருகிறார் என்றால் வண்டி அளவைத் தாண்டிவிட்டது. இத்தனைக்கும் அதே வண்டியின் விளம்பரத்தில் 11,000 பவுண்டு இழுக்கும் என்று பெரிய எழுத்தில் இருக்கலாம். அது பொய்யும் அல்ல. 2008-ல் வந்து, டொயோட்டா முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு மற்ற நிறுவனங்களும் பின்பற்றிய ஜே2807 என்ற சோதனை விதிப்படி, இழுவைத் திறனைக் கணக்கிடும்போது வண்டிக்குள் தலைக்கு 150 பவுண்டு வீதம் இருவர்தான் இருப்பார்கள். முன்பாரமும் ட்ரெய்லர் எடையில் பத்து சதவீதம்தான். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இழுவைத் திறன் தீர்வதற்கு வெகு முன்னாலேயே பேலோட் தீர்ந்துவிடும்.

எடைப் பகிர்வு ஹிட்ச் இந்த வரம்புகளில் ஒன்றையும் உயர்த்தாது. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. வண்டி சமமாக நின்றுவிட்டதே, அப்படியானால் தாங்கும் என்று நினைப்பது தவறு. மேலே பார்த்தபடி கொஞ்சம் எடை ட்ரெய்லர் அச்சுக்குப் போவது உண்மை. ஆனால் அதை நம்பி வண்டியில் சாமான் ஏற்றாதீர்கள்.

ஹிட்ச் ஒன்றை மட்டும் உயர்த்தும்: ஹிட்ச்சைச் செருகும் குழாயான ரிசீவரின் அனுமதி. வண்டிக்கு அடியில் ரிசீவரின் மேலேயே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் பெரும்பாலும் இரண்டு வரிகள். பந்து மட்டும் மாட்டி இழுத்தால் இவ்வளவு, எடைப் பகிர்வோடு இழுத்தால் இவ்வளவு. முதல் வரி 5,000 பவுண்டும் 500 பவுண்டு முன்பாரமும் என்றிருக்க, இரண்டாம் வரி அதைப்போல் இரு மடங்கு சொல்லும் வண்டிகள் உண்டு. உங்கள் ட்ரெய்லர் முதல் வரியைத் தாண்டினால் எடைப் பகிர்வு ஹிட்ச் கட்டாயம். மறுபுறம், தனிச் சட்டம் இல்லாமல் உடலோடு ஒன்றாக அமைத்த சில எஸ்.யு.வி.களில் எடைப் பகிர்வு ஹிட்ச் போடவே கூடாது என்று கையேடு சொல்லும். பார்களின் முறுக்கு விசையைத் தாங்கும்படி அவற்றின் பின்பகுதி அமைக்கப்படவில்லை. கையேடு கூடாது என்றால் கூடாது; கடைக்காரர் பரவாயில்லை என்று சொன்னாலும் கூடாது. அப்படியானால் சிறிய ட்ரெய்லர், அல்லது வேறு வண்டி.

எடை போடுவது

விற்பனைத் தாளில் போட்டிருக்கும் முன்பார எடையை நம்பி ஹிட்ச் வாங்காதீர்கள். அது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வெறும் ட்ரெய்லரின் எடை. பாட்டரி அதில் பெரும்பாலும் இருக்காது. முன்முனையில் உட்காரும் இரண்டு புரோப்பேன் சிலிண்டர்களில் வாயு இருக்காது. முப்பது பவுண்டு சிலிண்டர் ஒன்று நிரம்பியபின் 55 பவுண்டு வரும். படுக்கைக்கு அடியில், முன்பக்கச் சாமான் அறையில் நீங்கள் அடுக்கப்போகும் கதிரைகள், கிரில், பெரிய சட்டிகள், அரிசிப் பை எதுவும் இல்லை. தண்ணீர்த் தொட்டி காலி. ஒரு கேலன் தண்ணீர் எட்டே கால் பவுண்டுக்குச் சற்று மேல், நாற்பது கேலன் நிரப்பினால் 330 பவுண்டு. தொட்டி அச்சுக்கு முன்னால் இருந்தால் அதில் ஒரு பங்கு நேராக முன்பாரத்தில் ஏறும், பின்னால் இருந்தால் முன்பாரத்தைக் குறைக்கும். தாளில் 550 என்றிருந்த முன்பாரம் முதல் முகாமுக்குப் புறப்படும் நாளில் 800 ஆவது ஆச்சரியமே இல்லை.

ஆகவே முகாமுக்குப் போவதுபோலவே எல்லாவற்றையும் ஏற்றி, எல்லோரையும் வண்டியில் உட்காரவைத்து, நெடுஞ்சாலையோரத்து லாரி நிறுத்தங்களில் இருக்கும் எடை மேடைக்குப் போங்கள். கேட் ஸ்கேல் என்ற பெயரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பரவலாக இருக்கின்றன. மேடை தனித்தனித் தட்டுகளாக இருக்கும்: முன் அச்சு ஒன்றில், பின் அச்சு ஒன்றில், ட்ரெய்லர் அச்சுகள் ஒன்றில். செலவு சில டாலர்கள், உடனே மறுபடி ஏறினால் இன்னும் குறைவு. ட்ரெய்லரோடு ஒரு முறை, ட்ரெய்லரைக் கழற்றி நிறுத்திவிட்டு வண்டி மட்டும் ஒரு முறை. எடைப் பகிர்வுப் பார்கள் பூட்டாத நிலையில் வண்டியின் இரு அச்சுகளும் சேர்ந்து எவ்வளவு கூடியிருக்கிறதோ அதுதான் முன்பாரம். பிறகு ஹிட்ச் வாங்கிப் பொருத்தியதும் பார்களோடு மூன்றாம் முறை ஏறினால் முன் அச்சுக்கு எவ்வளவு திரும்பியது என்று சீட்டே சொல்லிவிடும்.

வீட்டிலேயே தோராயமாகப் பார்க்கவும் வழி உண்டு. உறுதியான கட்டை ஒன்றை எடுத்து, ஒரு முனையைச் செங்கல் மேலும் மறுமுனையைக் குளியலறை எடை இயந்திரத்தின் மேலும் வையுங்கள். ட்ரெய்லரின் ஜாக்கியைச் செங்கல்லிலிருந்து ஓர் அடியிலும் இயந்திரத்திலிருந்து இரண்டு அடியிலும் கட்டையின் மேல் இறக்கினால் இயந்திரம் மூன்றில் ஒரு பங்கைக் காட்டும். மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்காமல் இதைச் செய்யாதீர்கள், காலை அடியில் நீட்டாதீர்கள்.

எந்த ஹிட்ச்

இப்போது கடைக்குப் போகலாம். பார்களின் திறன்தான் முதலில். ஒவ்வொரு ஹிட்ச்சிலும் இரண்டு எண்கள் இருக்கும்: மொத்த ட்ரெய்லர் எடை, முன்பாரம். ஈக்வலைசர் நிறுவனத்தின் 10,000/1,000 என்றால் பத்தாயிரம் பவுண்டு ட்ரெய்லர், ஆயிரம் பவுண்டு முன்பாரம். தேர்வுக்கு உதவும் எண் இரண்டாவதுதான். அளந்த முன்பாரத்தோடு, பிக்கப்பின் பின் அச்சுக்குப் பின்னால் நீங்கள் ஏற்றும் சாமான் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதையும் பார்கள்தான் சமாளிக்க வேண்டும். 800-உடன் பின்கதவோரம் வைக்கும் ஜெனரேட்டரும் கருவிப் பெட்டியும் 120 என்றால் மொத்தம் 920. ஆயிரம் பவுண்டு பார்கள் பொருந்தும். அறுநூறு போதாது.

பெரியதாக வாங்கிவிட்டால் பாதுகாப்பு என்று 1,400-க்குத் தாவுவதும் தவறு. விறைத்த பார்கள் வளைந்து கொடுக்காது. சாலையின் ஒவ்வொரு குழியும் ட்ரெய்லரின் சட்டத்தில் அடியாக இறங்கும், நாளடைவில் பற்றவைப்பு விரியலாம். ஏர்ஸ்ட்ரீம் போன்ற எடை குறைந்த கட்டமைப்புக்கு இது இன்னும் கெடுதல். அளந்த எண்ணுக்கு அடுத்து மேலே இருக்கும் அளவு, அவ்வளவுதான்.

அடுத்தது வாலாட்டத் தடுப்பு. மிக எளிய வகையில் பார்களின் பின்முனை சங்கிலியில் தொங்கும். எடையைப் பகிரும், வாலாட்டத்தைத் தடுக்காது. அதற்குத் தனியாக உராய்வுப் பட்டை ஒன்றைப் பக்கவாட்டில் மாட்ட வேண்டும். ரிவர்ஸ் எடுக்கும்போதும் வழுக்கும் சாலையிலும் அந்தப் பட்டையைக் கழற்றச் சொல்லிக் கையேடு எச்சரிக்கும். முகாமில் இருட்டில், மழையில், பிள்ளைகள் பசியோடிருக்கும்போது இறங்கி அதைக் கழற்றுவீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். சின்ன ட்ரெய்லருக்கு இது போதும், விலையும் குறைவு. இருபது அடிக்கு மேல் போனால் நான் இதைச் சொல்வதில்லை.

நடுவழியில் இருப்பவை உராய்வைப் பார்களிலேயே வைத்தவை. ஈக்வலைசர் போன்றவற்றில் பார்கள் சங்கிலியில் தொங்காமல், சட்டத்தில் பொருத்திய தாங்கிகளின் மேல் உட்கார்ந்து தேய்கின்றன. தலையிலும் உராய்வு உண்டு. ரிவர்ஸுக்குக் கழற்ற வேண்டியதில்லை. திரும்பும்போது முனகல் சத்தம் வரும், அது கோளாறு அல்ல. ரீஸ் நிறுவனத்தின் டூயல் கேம் வேறு முறை: பார்களின் முனைகள் கேம்களில் உட்கார்ந்து ட்ரெய்லரை நேர்கோட்டிலேயே பிடித்துவைக்கும், வளைவில் மட்டும் விட்டுக்கொடுக்கும். ப்ளூ ஆக்ஸ் ஸ்வேப்ரோவில் பார்கள் முன்கூட்டியே சாய்த்துப் பூட்டப்பட்டு ட்ரெய்லரை நடுவுக்கு இழுக்கின்றன. ஆண்டர்சனின் ஹிட்ச்சில் எஃகுப் பார்களே இல்லை. சங்கிலியும் யூரித்தேன் ஸ்பிரிங்கும் வேலை செய்கின்றன, தூக்க லேசு, சத்தம் இல்லை. மிதமான முன்பாரத்துக்கு அது வசதி. கனமான முன்பாரத்துக்கு அதை வாங்குகிறவர் முன் அச்சுக்குப் போதிய எடை திரும்புகிறதா என்று எடை மேடையில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

குடும்பத்தோடு நெடுந்தூரம் போகும் 22 முதல் 28 அடி ட்ரெய்லருக்கு நான் சொல்வது இந்த நடுத்தர வகைகளில் ஒன்றைத்தான். அவற்றுக்குள் எது என்பதைப் பெரும்பாலும் ட்ரெய்லரின் முன்முனைதான் தீர்மானிக்கும். சிலிண்டர் மூடி, பாட்டரிப் பெட்டி, சாமான் பெட்டி எல்லாம் அங்கே நெருக்கிக்கொண்டிருக்கும். தாங்கிகளைப் பொருத்தும் இடத்தில் சட்டத்தின் உயரமும் அகலமும் எவ்வளவு என்று அளந்துகொண்டு போங்கள்.

உச்சத்தில் இருப்பவை ஹென்ஸ்லி ஆரோவும் புரோபிரைட் 3பியும். இரண்டும் ஜிம் ஹென்ஸ்லி என்ற ஒரே மனிதரின் வடிவமைப்பிலிருந்து வந்தவை. மற்றவை வாலாட்டத்தை உராய்வாலோ நடுவுக்கு இழுக்கும் விசையாலோ தடுக்க முயல்கின்றன. இவற்றில் இருக்கும் இணைப்புக் கம்பிகளின் அமைப்பு, ட்ரெய்லர் திரும்பும் மையத்தையே பந்திலிருந்து முன்னோக்கி, பிக்கப்பின் பின் அச்சை நெருங்கும்படி தள்ளிவிடுகிறது. பக்கக் காற்று ட்ரெய்லரைத் தள்ளினாலும் பிக்கப்பின் பின்பக்கத்தை அது நெம்ப முடியாது. விலை மற்றவற்றைப்போல் பல மடங்கு, எடையும் ஏறக்குறைய இரு மடங்கு. அந்த எடையும் பேலோட்டில்தான் கழியும். முப்பது அடியைத் தாண்டிய ட்ரெய்லர், அடிக்கடி நெடும்பயணம் என்றால் கொடுத்த காசு வீணாகாது. கோடையில் இரண்டு முறை அல்கோன்குவின் பூங்காவுக்குப் போய்வரும் குடும்பத்துக்கு இது தேவையில்லை. அந்தப் பணத்தில் நல்ல டயரும் நல்ல பிரேக் கன்ட்ரோலரும் வாங்குங்கள்.

பழைய ஹிட்ச் வாங்கலாமா? வாங்கலாம், பார்த்து வாங்கினால். பார்களில் திறன் பொறித்திருக்க வேண்டும். ரிசீவருக்குள் நுழையும் ஷாங்க் வளைந்திருக்கக் கூடாது. பார்கள் நுழையும் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். ரிசீவர் இரண்டு அங்குலமா இரண்டரையா, ட்ரெய்லரின் முன்முனையில் பந்தைக் கவ்வும் கப்ளருக்கு இரண்டு அங்குலப் பந்தா 2 5/16 அங்குலப் பந்தா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விற்கிறவர் தன் ட்ரெய்லருக்குச் சரியாக வைத்திருந்த அளவுகள் உங்களுக்கு ஒன்றுகூடப் பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பொருத்துவது

ட்ரெய்லர் வாங்கும்போது கடையிலேயே ஹிட்ச்சையும் மாட்டித் தருவார்கள். மாட்டும்போது ட்ரெய்லர் காலியாக இருக்கும். சாமான் ஏற்றியபின் அந்த அமைப்பு தவறாகிவிடும். அதனால் முழுச் சாமானோடு மறுபடி நீங்களே அளந்து திருத்த வேண்டும். தேவையானது ஓர் அளவு நாடாவும் சமதளமும்.

சமதளத்தில் பிக்கப்பைத் தனியாக நிறுத்தி, முன் சக்கரத்தின் நடுவுக்கு நேரே, தரையிலிருந்து மட்கார்டு வளைவு வரை அளந்து எழுதுங்கள். 38 அங்குலம் என்போம். ட்ரெய்லரை மாட்டி, பார்களைப் பூட்டாமல் அதே இடத்தில் அளந்தால் 39. ஓர் அங்குலம் எழும்பியிருக்கிறது. பார்களைப் பூட்டி அளந்தால் 38 அரை. எழும்பியதில் பாதி திரும்பியது, அதாவது 50 சதவீதம். ஃபோர்ட் எஃப்-150-க்கு அந்த நிறுவனம் கேட்பது இந்தப் பாதியைத்தான். மற்ற வண்டிகளுக்குக் கையேட்டில் வேறு எண் இருக்கும், அதைப் பின்பற்றுங்கள். காற்று சஸ்பென்ஷன் உள்ள வண்டி என்றால் அளக்கும்போது அதை எந்த நிலையில் வைப்பது என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய அனுபவசாலிகள் முழுவதையும் திருப்ப வேண்டும், 38-க்கே கொண்டுவர வேண்டும் என்பார்கள். அந்தக் காலத்தில் அதுதான் அறிவுரை. ஆனால் முன்னால் எடை கூடக்கூடப் பின் சக்கரங்களின் பிடி ஒப்பீட்டளவில் குறைகிறது. வளைவில் பின்பக்கம் விலகிப்போகும் போக்கு வரும். சோதனைகளில் அது தெரிந்தபின் பல நிறுவனங்கள் அளவைக் குறைத்துக்கொண்டன. 38-க்கும் கீழே முன்பக்கத்தை அழுத்துவது எந்த வண்டிக்கும் கூடாது.

போதாவிட்டால் ஹிட்ச் தலையின் சாய்வைக் கூட்ட வாஷர் ஒன்று சேர்க்கலாம், அல்லது தாங்கியை ஒரு துளை உயர்த்தலாம். சங்கிலி வகையில் ஒரு கண்ணியைக் குறைக்கலாம். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றம், பிறகு அளவு. எல்லாம் முடிந்ததும் ட்ரெய்லர் சமமாக, அல்லது மூக்கு சற்றே தாழ்ந்து நிற்க வேண்டும். மூக்கு தூக்கி நின்றால் ஷாங்க்கில் தலையை ஒரு துளை இறக்குங்கள்.

போல்ட்டுகளைக் கைப்பலத்தால் இறுக்கிவிட்டுப் போகாதீர்கள். சில போல்ட்டுகளுக்கும் பந்தின் நட்டுக்கும் 300 அடி-பவுண்டுக்கு மேல் இறுக்கம் தேவை. வீட்டில் இருக்கும் சாதாரண டார்க் ரெஞ்ச் அந்த அளவுக்கு வராது. கனரக வண்டி பழுதுபார்க்கும் இடத்தில் ஐந்து நிமிட வேலை. முதல் பயணம் முடிந்ததும் ஒரு முறை மறுபடி இறுக்கம் பாருங்கள்.

பார்களைப் பூட்டும்போதும் விடுவிக்கும்போதும் அவற்றில் பெரும் விசை அடைந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். நெம்புகோலால் முழுப் பலத்தையும் போட்டு மல்லுக்கட்டத் தேவையில்லை. கப்ளரைப் பந்தோடு பூட்டியபின், ட்ரெய்லரின் ஜாக்கியால் முன்முனையையும் பிக்கப்பின் பின்பக்கத்தையும் சேர்த்து உயர்த்துங்கள். விசை குறைந்துவிடும், பார்கள் எளிதாக ஏறும். பிள்ளைகள் அருகில் நிற்கக் கூடாது. நெம்புகோல் எகிறினால் எலும்பு முறியும்.

சாலையில்

எந்த ஹிட்ச்சும் தப்பாக ஏற்றிய ட்ரெய்லரைத் திருத்தாது. பின் பம்பரில் நான்கு சைக்கிள், பின்பக்கத் தொட்டியில் கழிவுநீர், முன்னறை காலி என்றால் முன்பாரம் பத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். ஹிட்ச்சை இறுக்கி அதைச் சரிசெய்ய முயலாதீர்கள், சாமானை முன்னால் நகர்த்துங்கள். டயர் அழுத்தத்தைப் புறப்படும் காலையில், டயர் சூடாகும் முன் பாருங்கள். ட்ரெய்லருக்கென்று செய்த எஸ்.டி. டயர்கள் பல மணிக்கு 65 மைல், அதாவது 105 கிலோமீட்டருக்கு மேல் ஓட வடிவமைக்கப்பட்டவை அல்ல. நான் நூறைத் தாண்டவே சொல்வதில்லை. ஒன்டாரியோவின் 400 நெடுஞ்சாலையில் ஹாலண்ட் மார்ஷ் வயல்வெளியைக் கடக்கும்போது மறைப்பே இல்லாமல் பக்கக் காற்று அடிக்கும். அங்கே இன்னும் குறையுங்கள்.

பிரேக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒன்டாரியோவில் மொத்த எடை 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள ட்ரெய்லருக்குத் தனி பிரேக் இருக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே பேசும் ட்ரெய்லர்கள் எல்லாம் அதற்குள் வருபவை. பிரேக் கன்ட்ரோலரின் கைவிசை எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தொடத் தெரியும்வரை, காலியான வாகன நிறுத்தத்தில் பழகுங்கள்.

ஏனென்றால் வாலாட்டம் தொடங்கினால் உங்களுக்கு இருக்கும் நேரம் சில நொடிகள். பெரும்பாலும் இறக்கத்தில், வேகமாகப் போகும்போது, பெரிய லாரி ஒன்று கடக்கையில் தொடங்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். ட்ரெய்லர் போகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பித் திருப்பிப் பிடித்தால் ஆட்டம் கூடும். கன்ட்ரோலரின் கைவிசையை அழுத்தி ட்ரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், வேகத்தைக் கூட்டி நேராக்கவும் பார்க்காதீர்கள். ஆட்டம் அடங்கியதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, சாமானையும் டயரையும் பார்த்தபிறகே புறப்படுங்கள். புது வண்டிகளில் வாலாட்டத்தை உணர்ந்து தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி இருக்கிறது, நல்ல வசதி. ஆனால் அது ஆட்டம் தொடங்கியபின் வேலை செய்வது, முன் அச்சுக்கு எடையைத் திருப்பாது.

இரண்டு மூன்று வருடம் கழித்து பிக்கப்பை மாற்றினால் ஹிட்ச்சையும் மாற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். பார்கள் ட்ரெய்லரின் முன்பாரத்துக்காக வாங்கியவை. பின் அச்சுக்குப் பின்னால் ஏற்றும் சாமான் கூடாதவரை அவை அப்படியே இருக்கலாம். புது வண்டி உயரமாக இருந்தால் நீண்ட ஷாங்க் ஒன்று வேண்டியிருக்கும், ரிசீவர் பெரியதானால் ஷாங்க்கும் மாறும். கதவோர ஸ்டிக்கர், ரிசீவர் ஸ்டிக்கர், கையேட்டின் சதவீதம் மூன்றும் புதியவை. அளவு நாடாவோடு மூன்று அளவுகளையும் முதலிலிருந்து எடுத்து, எடை மேடையில் மறுபடி ஒரு முறை ஏறிவிடுங்கள்.